கொலுப் பொம்மைக்கும் ஒரு திருப்பணி

விருத்தாசலம் என்றதும் அடியார்களின் நெஞ்சில் முதலில் எழுவது திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயரும், பழமலைநாதரின் சந்நிதியும், படியிறங்கிச் சென்று வணங்க வேண்டிய ஆழத்துப் பிள்ளையாரும், கோயிலை ஒட்டி ஓடும் மணிமுத்தாறும்தான். அதே ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. ஊரின் பீங்கான் தொழிற்பேட்டையில் கார்த்திகைக்கு அகல் விளக்குகளும், சதுர்த்திக்குப் பிள்ளையாரும், நவராத்திரிக்குக் கொலுப் பொம்மைகளும் அச்சிலிருந்து பிறந்து சூளைக்குள் சென்று வெண்ணிறமாக வெளிவருகின்றன. பீங்கான் தொழிலைப் பாடமாகக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் இவ்வூரில் இருக்கிறது. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் தோண்டும்போது அதன் மேலே கிடக்கும் வெண்களிமண்ணும் கிடைத்ததே இத்தொழில் இங்கு வேரூன்றக் காரணமாயிற்று.

வாசகர்களில் பெரும்பாலோர் வீட்டில் கொலு வைப்பவர்கள். பொம்மை எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்தவர்கள் அவர்களுள் சிலரே இருக்கக்கூடும். பீங்கான் பொம்மையைக் கையால் பிசைந்து செய்வதில்லை. களிமண்ணை நீரில் கரைத்து, வடிகட்டி, சிறிதளவு சோடியம் சிலிகேட் சேர்த்துப் பாயசம் போன்ற குழம்பாக்குகிறார்கள். அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஆன இரட்டை அச்சுக்குள் ஊற்றி வைத்தால், அச்சு தன்னைத் தொட்டிருக்கும் குழம்பின் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அச்சின் உட்சுவரில் களிமண் ஆடைபோல் படிந்து கனமாகும். வேண்டிய கனம் வந்ததும் நடுவில் எஞ்சிய குழம்பைக் கவிழ்த்து வெளியே ஊற்றிவிடுவார்கள். ஆகவேதான் பீங்கான் பொம்மையின் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. அடியில் ஒரு துளையும் இருக்கிறது. அச்சைப் பிரித்ததும் இரு பாதிகளும் கூடிய இடத்தில் தலைமுதல் கால்வரை ஒரு மெல்லிய வரப்பு தெரியும். அதைச் சீவி, ஈரத்துணியால் மழித்து, நிழலில் உலர்த்தி, பிறகு சூளையில் ஏற்றுவார்கள். 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெப்பத்தில் வெந்து வரும்போது பொம்மை தன் உருவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும். வெந்த பொம்மைக்கு வண்ணம் இடுவது தனி வேலை. கண்ணுக்கு மை, நெற்றிக்குத் திலகம், உடைக்குக் கரை என்று பொறுமையாகத் தூரிகை பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

இதே கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டியில் களிமண்ணிலும் காகிதக் கூழிலும் கொலுப் பொம்மைகள் உருவாகின்றன. மதுரைக்கு அருகே விளாச்சேரியும் மண் பொம்மைக்குப் பெயர்பெற்ற ஊர். ஆந்திரத்தின் கொண்டபள்ளியிலிருந்து மெல்லிய மரத்தில் கடைந்த பொம்மைகளும், திருப்பதியிலிருந்து செம்மர மரப்பாச்சிகளும் வந்து நம் படிகளில் ஏறியிருக்கின்றன. ஒரு வீட்டின் கொலுப்படியைப் பார்த்தாலே அக்குடும்பத்துப் பெரியவர்கள் எந்தெந்த ஊர்களுக்கு யாத்திரை போனார்கள், எந்தெந்த ஊர்களில் உத்தியோகம் பார்த்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

பரணில் கிடக்கும் பெட்டி

சிக்கல் விஜயதசமிக்குப் பிறகு தொடங்குகிறது. ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை நிறைவு செய்து, மறுநாள் பழைய வேட்டித் துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றித் தகரப் பெட்டியில் அடுக்கிப் பரணில் ஏற்றினால், அடுத்த புரட்டாசி வரையில் அவற்றை எவரும் பார்ப்பதில்லை. கோடையில் ஓட்டுக்கும் காரைக்கும் அடியில் ஏறும் சூடும், ஐப்பசி மழையில் இறங்கும் ஈரமும் அந்தப் பெட்டியைத்தான் சோதிக்கின்றன. பதினொரு மாதம் கழித்துப் பிரித்தால் ராமனின் வில் முறிந்திருக்கும். மீனாட்சியின் கிளிக்கு அலகு இராது. செட்டியாரின் மூக்கில் வெண்மை தெரியும். செய்தித்தாளின் மசி கலைமகளின் வெண்புடவையில் தலைகீழாக அச்சாகியிருக்கும்.

அப்போது வீட்டில் ஒரு பேச்சு எழும். "பின்னமான பொம்மையை வைக்கலாமா?" என்று ஒருவர் கேட்பார். "எதற்கு வம்பு, எடுத்துப் போட்டுவிடலாம்" என்று மற்றொருவர் சொல்வார். பாட்டிக்கு அவருடைய தாயார் சீராகக் கொடுத்த பொம்மை, அடுத்த நாள் ஏதேனும் ஓர் அரசமரத்தடியிலோ குளக்கரையிலோ, கழித்துவிடப்பட்ட சுவாமி படங்களோடு சாய்ந்து நிற்கும். நம் ஊர்களில் அரசமரத்தடிகளைக் கவனித்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. அது பார்க்கத் தகுந்த காட்சியும் அன்று.

பின்னம் என்ற சொல்லை நம்மவர்கள் சற்று அவசரமாகவே பயன்படுத்துகிறார்கள். பிரதிஷ்டை செய்யப்பட்டு, மந்திரங்களால் ஆவாகனம் பெற்று, நித்திய பூஜை நடக்கும் மூர்த்திக்கு உரிய விதி அது. அங்கேகூடப் பழுதுபட்டவுடன் அகற்றிவிடு என்று ஆகமங்கள் சொல்லவில்லை. ஜீர்ணோத்தாரணம் என்று ஒரு முறையையே வகுத்து, விரல், ஆயுதம் போன்ற சிறு உறுப்புகளுக்கு ஏற்பட்ட சேதத்தையும் முதன்மையான உறுப்புகளுக்கு ஏற்பட்ட சேதத்தையும் வேறுபடுத்திப் பார்க்கின்றன. சிறு பழுதைச் செப்பனிட்டு வழிபாட்டைத் தொடர இடமுண்டு. கோபுரத்துச் சுதை உருவங்களின் நிலை இன்னும் தெளிவு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாலாலயம் செய்து, உடைந்த சுதையை ஒட்டி, வண்ணம் தீட்டி, குடமுழுக்கு நடத்துவது நம் மரபு. விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்கு 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்தபோது அவ்வூர் மக்கள் கோபுரங்களைப் புதுப்பொலிவோடு கண்டார்கள். கை உடைந்த துவாரபாலகரைக் கோபுரத்திலிருந்து இறக்கி எறிந்துவிட்டா திருப்பணி செய்தார்கள்?

கொலுவில் ஆவாகனம் செய்யப்படுவது பெரும்பாலான இல்லங்களில் கலசத்தில்தான். பொம்மைகள் அம்பிகையின் கொலு மண்டபத்துப் பரிவாரம். அவற்றை வீட்டிலிருப்பவர்களே செப்பனிடவும் வண்ணம் தீட்டவும் எந்தத் தடையும் இல்லை. குளித்து, விளக்கேற்றி, சுத்தமான இடத்தில் உட்கார்ந்து செய்தால் போதும். அவரவர் குலவழக்கத்தில் வேறு விதி இருந்தால் அதைக் குருக்களிடமோ குடும்பத்துப் பெரியவரிடமோ கேட்டுக்கொள்வது முறை.

முதலில் ஒரு புகைப்படம்

தூரிகையைத் தொடும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பொம்மையை நான்கு புறமும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இன்று ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் கைப்பேசி இருக்கிறது; பேரனோ பேத்தியோ ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

புகைப்படத்தின் அருமையை விருத்தாசலத்துக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இக்கோயிலின் கோட்டத்திலிருந்து களவு போன அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை கடல் கடந்து சென்று, 2004-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துக் கலைக்கூடம் ஒன்றில் விலைக்கு வாங்கப்பட்டுக் காட்சிப் பொருளாக நின்றது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல ஆண்டுகளுக்கு முன் கோயில் கோயிலாகச் சென்று எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள், அது முதுகுன்றத்துக்கு உரிய திருமேனிதான் என்பதை நிலைநாட்ட உதவின. 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்து, தில்லை நடராஜரை ஒத்த ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு இந்த அர்த்தநாரீஸ்வரரையும் நம் நாட்டிடம் ஒப்படைத்தார். என்றோ ஒருவர் பொறுமையாக எடுத்து வைத்த ஒரு படம் அத்தனை பெரிய காரியத்துக்குத் துணை நின்றது.

வீட்டுப் பொம்மைக்குக் கள்வர் பயம் இல்லை. நம் கைதான் அதற்குப் பயம். மேலே புதுச்சாயம் ஏறிவிட்டால் பழைய புடவையின் கரை எந்த நிறம், நெற்றியில் இருந்தது வடகலையா தென்கலையா, கொண்டையில் எத்தனை பூ என்பதெல்லாம் அடியோடு மறைந்துபோகும். படம் இருந்தால் அதைப் பார்த்து அப்படியே எழுதலாம்.

பழைய வண்ணம் உரியாமல் உறுதியாக இருக்குமானால், மங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் முழுப் பொம்மைக்கும் சாயம் பூசுவது கூடாது. அறுபது ஆண்டுகளுக்கு முன் பெயர் தெரியாத ஒரு கைவினைஞர் இழுத்த புருவக் கோடு அதில் இருக்கிறது. அதை அழித்துவிட்டு, கடையில் வாங்கிய பளபளப்பான எனாமலைப் பூசுவது புதுப்பித்தல் ஆகாது. உதிர்ந்த இடத்தில் மட்டும், சுற்றியுள்ள நிறத்தோடு ஒன்றும்படி தொட்டு வைப்பதே நல்ல வேலை.

எந்தப் பொம்மை, என்ன பொருள்?

பொம்மையின் பொருளை அறியாமல் கை வைப்பதால்தான் பெரும்பாலான சேதங்கள் நேர்கின்றன. தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும். அங்கே வண்ணம் ஏறியிராது.

செந்நிறமோ சாம்பல் நிறமோ தெரிந்து, கனமாக இருந்தால் மண் பொம்மை. இலேசாக, தட்டினால் அட்டைபோல் ஒலித்தால் காகிதக் கூழ். இவ்விரண்டையும் நீரில் கழுவவே கூடாது. மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசு தட்டி, நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு முறை ஒற்றி எடுத்தால் போதும். காகிதக் கூழ்ப் பொம்மையின் மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த ஒரு பூச்சு இருக்கும். ஈரம் பட்டால் அது பொருக்குப் பொருக்காகக் கழன்று, கூடவே வண்ணத்தையும் கொண்டுபோய்விடும். பசை இருப்பதால் பூச்சிகளுக்கும் அது விருந்து. உலர்ந்த வேப்பிலையையும் வசம்பையும் துணியில் முடிந்து பெட்டியில் வைத்த நம் பாட்டிமார்களின் முறையில் தவறில்லை.

அடிப்பாகம் வெண்மையாக, நகத்தால் கீறினாலும் பொடி உதிராமல் கெட்டியாக இருந்தால் பீங்கான். கீறினால் மாவாக உதிர்ந்தால் அது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பீங்கான் பொம்மையைத் தாராளமாக நீரில் கழுவலாம். ஆனால் மெருகிடாத பீங்கான் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தன்மையுடையது. வெளியில் உலர்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் தங்கும். இரண்டு மூன்று நாள் நிழற்காற்றில் உலரவிட்ட பிறகே வண்ணம் தீட்ட வேண்டும். கண்ணாடிபோல் மெருகேற்றி மறுபடி சூளையில் சுட்ட பீங்கானாக இருந்தால் அதில் வீட்டு வண்ணம் நிலைக்காது. அதைக் கழுவித் துடைத்து வைப்பதே போதுமான சேவை.

மரப்பாச்சிக்கு வண்ணமே வேண்டாம். செம்மரத்தின் நிறமே அதன் அழகு. துளி நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்து, பட்டுத்துண்டில் புடவையும் வேட்டியும் கட்டிவிட்டால் ராஜாவும் ராணியும் அரியணைக்குத் தயார்.

ஓர் எச்சரிக்கை. பழங்கால எனாமல் வண்ணங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு. வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017-ஆம் ஆண்டு நவம்பரில்தான். ஆகவே பழைய பொம்மையின் சாயத்தை உப்புத்தாளால் வறட்டென்று தேய்த்துப் பொடி பறக்கவிடக் கூடாது. அவசியமானால் நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணிந்துகொண்டு, குழந்தைகள் அருகில் இல்லாதபோது செய்து, பொடியை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

தூரிகை பிடிக்கும் கை

சிறு உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவதையே வாழ்நாள் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் மேனாடுகளில் ஏராளம். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து வெள்ளீயச் சிப்பாய்கள் ஒரு காலத்தில் ஐரோப்பாவெங்கும் விலைபோயின. இங்கிலாந்தில் பிரிட்டன் குடும்பத்தாரின் நிறுவனம் 1893-ஆம் ஆண்டு, உள்ளே வெற்றிடமாக வார்த்த ஈயச் சிப்பாய்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் பீங்கான் பொம்மையைப் போலவே அச்சில் ஊற்றி, எஞ்சியதைக் கவிழ்த்துவிடும் முறைதான் அதுவும். புகழ்பெற்ற நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் அத்தகைய பொம்மைகளை வைத்து விளையாடும் முறையை விளக்கி 1913-ல் ஒரு நூலே எழுதினார். இன்றும் அங்கே நரைத்த தலையினர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் இரண்டு அங்குலச் சிப்பாயின் சட்டைப் பொத்தானுக்குச் சாயம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓர் உருவத்தின் தலையை எடுத்து இன்னொன்றின் உடலில் பொருத்தி, கையை வளைத்து, புதிய பாத்திரமாக மாற்றுவதும் அக்கலையின் ஒரு பிரிவு. அவர்களுடைய பொம்மைகள் போருக்குப் போகின்றன, நம்முடையவை கொலுவிருக்கின்றன. வேலை ஒன்றுதான். அவர்கள் பல்லாண்டுப் பழக்கத்தில் கண்ட சில நுணுக்கங்களை நாமும் கைக்கொள்ளலாம்.

முதலாவது அடிப்பூச்சு. உதிர்ந்த இடத்தில் நேரே வண்ணம் வைத்தால் அது உறிஞ்சப்பட்டுத் திட்டுத் திட்டாகத் தெரியும். மெல்லிய வெண்ணிற அடிப்பூச்சு ஒன்று கொடுத்து, ஒரு நாள் உலரவிட வேண்டும். வண்ணத்துக்கு அக்ரிலிக் ஏற்றது. நீரில் கரைத்துப் பூசலாம், உலர்ந்தபின் நீரில் கரையாது, நாற்றமும் இல்லை. போஸ்டர் வண்ணம் விலை குறைவு, ஆனால் ஈரக்கை பட்டாலே கரையும். ஒரே பூச்சில் கனமாக அப்புவதைவிட, நீர்த்த வண்ணத்தை இரண்டு மூன்று முறை பூசுவது நல்லது. கனமாக அப்பினால் சிற்பி செதுக்கிய விரலிடுக்கும் நகை நுணுக்கமும் அடைபட்டுப் போகும்.

இரண்டாவது, மடிப்புகளுக்கு நிழல் கொடுப்பது. வேட்டிக்கு வெண்மை பூசி உலர்ந்தபின், மிகவும் நீர்த்த பழுப்பு வண்ணத்தை அதன்மேல் ஓடவிட்டால் அது தானே மடிப்புகளின் பள்ளத்தில் போய்த் தங்கும். மேடுகளில் படிந்ததை உடனே துணியால் ஒற்றிவிட்டால், உண்மையான துணியின் கொசுவம் போலத் தோன்றும். மூன்றாவது இதற்கு நேர்மாறானது. கிரீடத்துக்கும் நகைக்கும் முதலில் கரும்பழுப்பு பூசி உலரவிட வேண்டும். பிறகு தூரிகையில் பொன்வண்ணத்தைத் தொட்டு, ஏறக்குறைய முழுவதையும் பழந்துணியில் துடைத்துவிட்டு, அந்த வறண்ட தூரிகையால் மேலாகத் தடவினால் மேடுகள் மட்டும் பொன்னாக மின்னும். பள்ளங்கள் இருண்டே இருக்கும். முழுவதும் பொன் பூசிய கிரீடத்தைவிட இது பழைய கோயில் நகைபோல் கம்பீரமாக இருக்கும்.

ஒடிந்த விரலுக்கும் வில்லுக்கும் கடையில் கிடைக்கும் இரு பகுதி ஒட்டுக்களிம்பைப் பிசைந்து வைக்கலாம். கையுறை அணிவது நல்லது. மரம், காகிதக் கூழ் பொம்மைகளில் உள்ளே ஒரு மெல்லிய செப்புக் கம்பியைச் செருகி அதன்மேல் களிம்பைச் சுற்றினால் மறுபடி ஒடியாது. கொண்டபள்ளிக் கைவினைஞர்கள் புளியங்கொட்டைப் பொடியையும் மரத்தூளையும் குழைத்த மக்கு என்னும் பசையாலேயே பொம்மையின் உறுப்புகளைப் பொருத்தி இணைக்கிறார்கள். மரப் பொம்மை உள்ளவர்கள் அதையும் முயன்று பார்க்கலாம்.

கை நடுங்குகிறதே, கண் மங்கலாயிற்றே என்று அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்கள் தயங்குவார்கள். மணிக்கட்டு ஊன்றியிருந்தால் கை ஓரளவு நிலைக்கும். இரண்டு கிலோ அரிசியை ஒரு துணிப்பையில் கட்டி மேசையில் வைத்து, அதன்மேல் மணிக்கட்டைப் பதித்துக்கொள்ளலாம். பொம்மையைக் கையில் பிடிக்காமல் ஒரு டம்ளரின் அடியில் சிறிது மெழுகால் ஒட்டி நிறுத்திக்கொண்டு, டம்ளரைத் திருப்பினால் எல்லாப் பக்கமும் எட்டும். மூச்சை மெல்ல வெளியே விடும்போது கோடு இழுத்தால் நேராக வரும். காலை பத்து மணிக்குள் வாசல் வெளிச்சத்தில் அமர்வது சிறப்பு. ஒரு நேரத்தில் அரை மணிக்கு மேல் வேண்டாம். அவசரமில்லாத கைதான் இந்த வேலைக்கு வேண்டும். வீட்டில் அத்தகைய கை பெரும்பாலும் பெரியவர்களுடையதே.

திருவுருவ இலக்கணம்

வண்ணம் தீட்டுகிறவருக்கு இலக்கண ஞானமும் கொஞ்சம் வேண்டும். பட்டாபிஷேகப் பொம்மையில் ராமனுக்கு நீலம் தீட்டிவிட்டு, மற்ற மூவருக்கும் ஒரே மாதிரி இளஞ்சிவப்பு பூசிவிடுவது வழக்கமாகிவிட்டது. பரதன் ராமனைப் போலவே கருநிறத்தவன். லட்சுமணனும் சத்துருக்கனனும் பொன்னிறத்தவர்கள். பெருமாளின் சக்கரம் வலது மேற்கரத்தில், சங்கு இடது மேற்கரத்தில். கழன்ற ஆயுதங்களை ஒட்டும்போது இது மாறிப்போவது மிகவும் சகஜம். கலைமகளுக்கு வெண்பட்டு, திருமகளுக்குச் செந்தாமரை. தட்சிணாமூர்த்தியின் வலது கீழ்க்கரத்துச் சின்முத்திரையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கூடியிருக்க வேண்டும். களிம்பு வைக்கும்போது அது வெறும் அபய முத்திரையாகிவிடக் கூடாது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பிள்ளையாரின் ஒரு தந்தம் ஒடிந்திருப்பதைப் பழுது என்று எண்ணி எவரும் ஒட்டிவைத்துவிடக் கூடாது!

முகத்தைக் கடைசியாகவும், முகத்திலும் கண்ணைக் கடைசியாகவும் எழுதுவது பொம்மைக் கலைஞர்களின் வழக்கம். கோயில் திருமேனிக்கு நல்ல நேரம் பார்த்துச் சிற்பி கண் திறக்கும் சடங்கு கொலுப் பொம்மைக்கு இல்லை. என்றாலும் அந்த வரிசையில் பொருள் இருக்கிறது. 00 எண் தூரிகையில் கருமை தொட்டு, முதலில் மேல் இமையின் கோடு, அடுத்து விழி, பிறகு புருவம். இரு விழிகளும் ஒரே புள்ளியை நோக்க வேண்டும். கொலுவின் முன் நின்று வணங்குகிறவரை நோக்கிச் சற்றே தாழ்ந்த பார்வையாக எழுதினால் மேற்படியிலுள்ள பொம்மையும் நம்மைப் பார்ப்பதுபோல் அமையும்.

முதுகுன்றத்துக் கதைகள் படியேறினால்

உருமாற்றும் கலைக்கு நம் தலபுராணங்கள் வற்றாத ஊற்று. எல்லா வீடுகளிலும் ஒற்றையாக எஞ்சிய பொம்மைகள் சில இருக்கும். நாயன்மார் தொகுதியில் ஒருவர், கச்சேரியில் வீணை போன ஒரு பெண், கடையை இழந்த ஒரு செட்டியார். இவர்களைச் சேர்த்து விருத்தாசலத்துக்கே உரிய இரண்டு காட்சிகளை ஒருவர் அமைத்துவிடலாம்.

ஒன்று சுந்தரர் கதை. முதுகுன்றத்து இறைவன் அருளிய பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் நம்பியாரூரர். மாற்றுக் குறையாதிருக்க அதில் சிறிது மச்சமாகவும் வெட்டி வைத்துக்கொண்டார். கூப்பிய கை ஒடிந்துபோன நாயன்மார் பொம்மை ஒன்றிருந்தால், புதிய கையைக் கீழ்நோக்கி நீட்டி அமைத்தால் அவரே சுந்தரர். வீணை இழந்த பெண்ணுக்குச் செம்பட்டுக் கரையிட்டால் பரவை நாச்சியார். ஒரு பழைய முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகும். மாற்று உரைத்துப் பார்த்த பிள்ளையார் கரையில் அமர்ந்துகொள்வார்.

மற்றொன்று குரு நமசிவாயர் கதை. திருவண்ணாமலைக் குகை நமசிவாயரின் சீடரான அவர் சிதம்பரம் செல்லும் வழியில் இங்கே தங்கி, பசியோடு பெரியநாயகியை நோக்கி, கிழத்தி என்று விளித்து அன்னம் வேண்டிப் பாடினாராம். அம்மை ஒரு மூதாட்டியாக வந்து, கிழவியால் எப்படிச் சோறு கொண்டுவர முடியும் என்று கேட்க, இளமை தோன்ற மறுபடி பாடினார். அம்பிகை இளநங்கையாக வந்து அமுது படைத்தாள். பெரியநாயகியோடு இளைய நாயகியையும் இவ்வூரில் மக்கள் வணங்குவதற்கு இக்கதையையே சொல்வார்கள். இக்காட்சிக்கு வேண்டிய மூதாட்டி எல்லாக் கொலுக்களிலும் இருக்கிறாள். வடை சுட்டுக் காக்கையிடம் பறிகொடுத்த பாட்டிதான் அவள். வாணலியை அகற்றி, கையில் கோல் கொடுத்து, நெற்றியில் திருநீறிட்டால் பெரியநாயகியின் திருக்கோலம். இளநங்கைக்குப் புதிதாக ஒரு பீங்கான் பொம்மை வாங்கிக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒன்றேனும் புதிய பொம்மை சேர்க்க வேண்டும் என்ற வழக்கத்தை விட்டுவிடலாகாது. பழையதைப் பேணுகிறோம் என்று எல்லாரும் வாங்குவதை நிறுத்திவிட்டால் விருத்தாசலத்திலும் பண்ருட்டியிலும் விளாச்சேரியிலும் அடுப்பு எரியாது.

எவ்வளவு முயன்றாலும் தேற்ற முடியாத பொம்மைகளும் சில இருக்கும். ஜப்பானியர்கள் மார்ச் 3-ஆம் நாள் சிவப்புத் துணி விரித்த படிகளில் நம்மைப் போலவே பொம்மைகளை அடுக்குகிறார்கள். பழுதான பொம்மைகளைக் குப்பையில் எறியாமல் ஆலயங்களுக்குக் கொண்டுபோய், நன்றி சொல்லும் சடங்கு செய்து விடைகொடுக்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. நம்மிடம் சுடாத மண் பொம்மையைத் துளசிச் செடியின் அடியில் நீர்விட்டுக் கரைத்துவிடலாம், அதன்மேல் எனாமல் இல்லாதிருந்தால். பீங்கானும் சுட்ட மண்ணும் எந்த ஆற்றிலும் கரையா. அவற்றை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு வருவதைவிட, வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்து மேலே ஒரு பூச்செடி வைப்பது மேல்.

புரட்டாசியில் மாளய அமாவாசையன்று படி கட்ட வேண்டும். கடைசிப் பூச்சு உலர ஒரு வாரமேனும் விட வேண்டியிருப்பதால், ஆடி பிறந்ததும் பெட்டியை இறக்குவது உசிதம். வேலை முடிந்த பொம்மையைக் கவிழ்த்து, அடியில் மெல்லிய எழுத்தில் எந்த ஊரில், எந்த ஆண்டு, யார் வாங்கியது, யார் யாருக்குக் கொடுத்தது, எந்த ஆண்டு வண்ணம் தீட்டியது என்று பென்சிலால் குறித்துவிடலாம். இடம் மீதமிருந்தால் அடுத்து தீட்டப்போகிறவர் பெயருக்கும் ஒரு வரி விட்டு வைக்கலாம்.